நரம்பு வலைச் சதுரங்க எஞ்சின்கள்: ஒப்புமையையும் தனித்தன்மையையும் அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

இரண்டு சதுரங்க எஞ்சின்களிடம், அதாவது சதுரங்கம் ஆடும் கணினி நிரல்களிடம், ஒரே 100 நிலைகளைக் கொடுத்து, அவற்றில் 70இல் இரண்டும் ஒரே நகர்த்தலைத் தேர்ந்தெடுத்தால், ஒன்று மற்றொன்றின் நகல் என்று சொல்லிவிடலாமா? கும்பகோணத்தில் வார இறுதிகளில் என்னுடன் அமர்ந்து எஞ்சின் எழுதிப் பழகும் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. சொல்ல முடியாது என்பதே என் விடை. 70 என்ற எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை. அந்த 70 நிலைகளில் எத்தனையில் நல்ல நகர்த்தல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பது தெரிந்த பிறகே அதற்குப் பொருள் பிறக்கும்.

இதே ஊரின் அரசுக் கல்லூரியில் 1880 முதல் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், பழைய இலக்கியங்களின் ஏட்டுச்சுவடிகளைப் பல ஊர்களிலிருந்து திரட்டி, வரிவரியாக ஒப்பிட்டுப் பதிப்பித்தார். சுவடிகளை ஒப்பிடுவோர் நன்கு அறிந்த உண்மை ஒன்று உண்டு. இரண்டு ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்துப்போனால் அதிலிருந்து அவற்றின் உறவைப் பற்றி எதுவும் தெரியாது, ஏனெனில் சரியான பாடம் எல்லா ஏட்டுக்கும் பொது. ஆனால் ஒரே இடத்தில் ஒரே பிழையோ ஒரே வரி விடுபாடோ இரண்டிலும் இருக்குமானால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஒரே மூல ஏட்டின் வழிவந்தவையாக இருக்க வேண்டும். எஞ்சின்களை அளப்பதற்கும் இதுவே அடிப்படை. பின்வரும் படிகள் ஒவ்வொன்றும், உண்மை கட்டாயப்படுத்தும் ஒற்றுமையைக் கழித்துவிட்டு, எஞ்சுவதை மட்டும் நிறுப்பதற்கான முயற்சியே.

முதற்படி: கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒப்புமை, மரபு, உரிமை என்ற மூன்றும் வெவ்வேறு. இரண்டு எஞ்சின்கள் ஒரே மாதிரி ஆடுகின்றனவா என்பது ஒப்புமை. ஒன்றிலிருந்து மற்றொன்று உருவானதா என்பது மரபு. அப்படி உருவாக்க அனுமதி இருந்ததா, மூலத்துக்கு உரிய மதிப்பு தரப்பட்டதா என்பது உரிமை. முதலாவதை அளக்கலாம், இரண்டாவதை அளவீடுகளிலிருந்து ஊகிக்கலாம், மூன்றாவதை உரிமத்தைப் படித்தால்தான் அறியலாம். திறந்த மூல எஞ்சினான ஸ்டாக்ஃபிஷ் வெளியிடப்படும் ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்படி, அதிலிருந்து கிளைத்த எஞ்சினை விநியோகிப்பது குற்றமன்று. மூல நிரலையும் அதே உரிமத்தில் தர மறுப்பதே மீறல். ஆகவே "ஒத்திருக்கிறது" என்ற முடிவை "திருடப்பட்டது" என்று வாசிக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும்.

பிறகு, எஞ்சினையே மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள்: நிலையை மதிப்பிடுவதற்காகப் பயிற்சியால் பெற்ற எண்களை, அதாவது எடைகளைக் கொண்ட நரம்பு வலை, அந்த வலையைப் பயிற்றுவித்த நிரலும் தரவும், வலையை வைத்துக்கொண்டு தேடுகின்ற நிரல். டிசெக் எனப்படும் எஞ்சின் போட்டித் தொடர், நரம்பு வலை எஞ்சின்களின் தனித்தன்மையைத் தீர்மானிக்கையில் இத்தகைய முப்பிரிவையே கையாண்டது. பயிற்றுவிக்கும் நிரல், வலை, இயக்கும் எஞ்சின் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டேனும் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு.

இந்தப் பிரிவு ஏன் தேவைப்பட்டது என்பதைப் பழைய வழக்கு ஒன்றையும் புதிய வழக்கு ஒன்றையும் அருகருகே வைத்தால் காணலாம். 2011 ஜூன் மாதத்தில் சர்வதேசக் கணினி விளையாட்டுச் சங்கம், வாசிக் ரஜ்லிச்சின் ரிப்கா எஞ்சின் கிராஃப்டி, ஃபுரூட் ஆகிய எஞ்சின்களிலிருந்து எடுத்தாண்டது என்று முடிவுசெய்து, 2007 முதல் 2010 வரை அது வென்ற பட்டங்களைப் பறித்தது. அக்கால மதிப்பீட்டு நிரல்கள் மனிதர் கையால் எழுதப்பட்டவை. சிப்பாய் அமைப்புக்கு இவ்வளவு, ராஜாவின் பாதுகாப்புக்கு இவ்வளவு என்று பெயர் சொல்லிப் பிரிக்கக்கூடியவை. எனவே உறுப்பு உறுப்பாக ஒப்பிட முடிந்தது. 2021 பிப்ரவரியில் செஸ்பேஸ் நிறுவனம் வெளியிட்ட ஃபாட் ஃபிரிட்ஸ் 2 எஞ்சினில் நிலைமை வேறு. அதன் வலை புதியது, தேடும் நிரல் ஸ்டாக்ஃபிஷினுடையது. ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் அவ்வாண்டு ஜூலையில் வழக்குத் தொடுத்தனர். 2022 நவம்பரில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. வலையை மட்டும் பார்த்தால் அது வேறு எஞ்சின், தேடலை மட்டும் பார்த்தால் அதே எஞ்சின். ஒற்றை எண்ணால் இதைச் சொல்லிவிட முடியாது.

இரண்டாம் படி: ஒப்பிடும் கூட்டத்தையும் சான்றுச் சோடிகளையும் அமையுங்கள்

ஐயத்துக்குரிய இரண்டு எஞ்சின்களை மட்டும் எடுத்துக்கொண்டு அளப்பது பயனற்றது. உறவு உறுதியாகத் தெரிந்த சோடிகளும், உறவில்லை என்று உறுதியாகத் தெரிந்த சோடிகளும் உடன் இருக்க வேண்டும். ஸ்டாக்ஃபிஷின் அடுத்தடுத்த இரண்டு வெளியீடுகள் முதல் வகைக்குப் பொருந்தும். ஸ்டாக்ஃபிஷும், லீலா என்னும் மற்றொரு திறந்த மூல எஞ்சினும் இரண்டாம் வகைக்குப் பொருந்துவதாகத் தோன்றும்; ஆனால் இங்கே எச்சரிக்கை தேவை. லீலாவின் தேடல் மாண்டி கார்லோ மரத்தேடல், ஸ்டாக்ஃபிஷினுடையது ஆல்ஃபா-பீட்டா என்னும் வேறொரு தேடல் முறை. வலைகளின் அமைப்பும் முற்றிலும் வேறு. எனினும் 2021இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 14 முதல் அதன் வலைகள் லீலா உருவாக்கிய தரவையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டிருக்கின்றன. நிரலில் உறவில்லாத இரண்டுக்கும் தரவு வழியில் உறவு உண்டு. எனவே லீலா தரவைத் தொடாமல், தன் சொந்த ஆட்டங்களிலிருந்தே பயின்றதாக ஆசிரியர் பதிவுசெய்துள்ள எஞ்சின்கள் சிலவற்றையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகைச் சான்று ஒன்றை நீங்களே உருவாக்க வேண்டும்; இதைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். ஒரே தரவு, ஒரே அமைப்பு, ஒரே பயிற்சி நிரல். தொடக்கச் சீரற்ற எண் மட்டும் வேறு என்ற வகையில் இரண்டு சிறு வலைகளைப் பயிற்றுவியுங்கள். இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள சுவாமிமலையில் ஸ்தபதிகள் தென்னை ஓலையை மடித்து எடுக்கும் தாலமானம் என்ற அளவுமுறை ஒன்றே, காவிரியின் வண்டல் மண்ணும் ஒன்றே. ஆனால் மெழுகு ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிடிக்கப்படுவதாலும், வார்த்தபின் மண் அச்சு உடைக்கப்படுவதாலும், இரண்டு நடராசர் திருமேனிகள் ஒருபோதும் ஒன்றேயாவதில்லை. ஒரே செய்முறையில் பிறந்த இரண்டு வலைகள் எவ்வளவு ஒத்திருக்கும் என்பது தெரியாமல், அதைவிடக் கூடுதலான ஒற்றுமை எது என்று எவராலும் சொல்ல இயலாது. நகல் எடுப்பதற்கும் ஒரே முறையைப் பின்பற்றுவதற்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை வரைவது இந்தச் சோடிதான்.

மூன்றாம் படி: நிலைகளைத் தேர்ந்தெடுங்கள்

ருய் லோபஸ் தொடக்கத்தின் பரிமாற்ற வகையில், வெள்ளை தன் பிஷப்பால் சி6 கட்டத்திலுள்ள குதிரையை வெட்டியவுடன் கறுப்பு டி சிப்பாயால் திருப்பி வெட்டும். எல்லா எஞ்சினும் இதைத்தான் செய்யும் என்பதால் இந்த நிலையால் நமக்குப் பயனில்லை. இத்தாலியத் தொடக்கத்தில் வெள்ளையின் பிஷப் சி4க்கு வந்ததும், கறுப்பு தன் பிஷப்பை சி5இல் வைக்கலாம், குதிரையை எஃப்6க்கும் கொண்டுவரலாம். இரண்டும் பலகாலமாக ஆடப்படும் நல்ல நகர்த்தல்கள். இங்கே எஞ்சினின் விருப்பம் வெளிப்படுகிறது. இரண்டாம் வகை நிலைகளே வேண்டும்.

அவற்றைக் கண்ணால் தேர்ந்தெடுக்காதீர்கள். கூட்டத்தில் இல்லாத எஞ்சின் ஒன்றைக் கொண்டு, ஒவ்வொரு நிலையிலும் மிகச் சிறந்த மூன்று நகர்த்தல்களின் மதிப்பையும் கணக்கிடச் செய்து, அவற்றுக்கிடையேயான வேறுபாடு மிகக் குறைவாக உள்ள நிலைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செக் வைக்கப்பட்ட நிலை, வெட்டுக்குப் பதில்வெட்டு காத்திருக்கும் நிலை, ஒரு பக்கம் ஏற்கெனவே வென்றுவிட்ட நிலை, ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ உள்ள இறுதி நிலை ஆகியவற்றை நீக்குங்கள். ஓர் ஆட்டத்திலிருந்து ஒரு நிலைக்கு மேல் எடுக்கக் கூடாது; அடுத்தடுத்த நிலைகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், எண்ணிக்கை பெருகினாலும் தகவல் பெருகாது.

எத்தனை நிலைகள் போதும்? 2,000 நிலைகளில் ஒற்றுமை 50% அளவில் இருந்தால், மாதிரிப் பிழை ஏறத்தாழ ±2.2 விழுக்காடு, 8,000 நிலைகளில் அது ±1.1 ஆகக் குறையும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைப்பு வேண்டும். டான் டெய்லி உருவாக்கி, எஞ்சின் உலகில் நெடுங்காலம் புழங்கிய ஒப்புமைச் சோதனைக் கருவியும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலைகளைக் கொண்டிருந்தது. சிறு கணினியில் தொடங்குவோர் 2,000உடன் தொடங்கி, ஐயம் எழும் சோடிகளுக்கு மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

நான்காம் படி: ஒரே சூழலில் ஓட்டுங்கள்

நகர்த்தலுக்கு இத்தனை மில்லிநொடி என்று நேரத்தை வரையறுக்காமல், இத்தனை கணுக்கள், அதாவது தேடலில் எஞ்சின் பார்க்கும் நிலைகள், என்று வரையறுங்கள். இதை நான் பட்டே கற்றுக்கொண்டேன். ஓர் ஐப்பசி மாதத்து மழைநாளில், சோதனை பாதியில் இருக்கும்போது மின்சாரம் நின்று மடிக்கணினி பேட்டரிக்கு மாறியது. பேட்டரியில் செயலியின் வேகம் தானாகக் குறைந்தது. நேரக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்கள் முன்பைவிட ஆழங்குறைந்து தேடின. அளவுகோலைச் சரிபார்ப்பதற்காக ஓர் எஞ்சினை அதனுடனேயே ஒப்பிடும் சோடி ஒன்றை நான் சேர்த்திருந்தேன். மழைக்கு முன்னும் பின்னும் ஓடிய அதன் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்தச் சோடி மட்டும் இல்லாதிருந்தால், அன்று கிடைத்த எண்களை நம்பியே முடிவெழுதியிருப்பேன். டெல்டாவில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சோதனை நடத்துவோர், ஒவ்வொரு நிலையின் விடையையும் உடனுக்குடன் கோப்பில் எழுதிக்கொள்ளும்படி நிரலை அமைத்துவிடுவதும் நல்லது.

ஒரு த்ரெட் (கணக்கீட்டு இழை) மட்டும் பயன்படுத்துங்கள். பல த்ரெட்கள் ஓடினால் ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின் ஒரே நிலைக்கு இருமுறை இரு விடை தரக்கூடும். ஏற்கெனவே பார்த்த நிலைகளை நினைவில் வைக்கும் ஹாஷ் அட்டவணையின் அளவை எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு நிலைக்கு முன்னும் எஞ்சினோடு பேசுவதற்கான பொது நெறிமுறையான யூசிஐயின் புதிய ஆட்டம் என்ற கட்டளையை அனுப்பி அதைத் துடைத்துவிடுங்கள். தொடக்கநூலையும் இறுதிநிலை அட்டவணைகளையும் அணைத்துவிடுங்கள். லீலாவைக் கிராஃபிக்ஸ் அட்டையில் ஓட்டினால், நிலைகள் தொகுதி தொகுதியாகக் கணக்கிடப்படுவதால் விடை சற்று மாறக்கூடும். தொகுதி அளவை 1 ஆக்கிக்கொள்ளுங்கள். ஓர் எஞ்சினின் கணுவும் மற்றோர் எஞ்சினின் கணுவும் ஒன்றல்ல என்பதால், 1,000, 10,000, 1,00,000 என மூன்று அளவுகளில் ஓட்டி, முடிவு மூன்றிலும் நிலைக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: நகர்த்தல் ஒற்றுமையைக் கணக்கிட்டு, அதைத் திருத்துங்கள்

ஒவ்வொரு சோடிக்கும் ஒத்த நகர்த்தல்களின் விழுக்காட்டைக் கணக்கிடுவது எளிது. அதைத் திருத்த இரண்டு எண்கள் வேண்டும். உறவில்லாத சோடிகளின் நடுமதிப்பு உங்கள் தரைமட்டம். ஓர் எஞ்சின், கணு வரம்பைச் சிறிது மாற்றியபோது தன்னுடனேயே ஒத்துப்போகும் அளவு உங்கள் உச்சமட்டம். எடுத்துக்காட்டாக, தரை 48, உச்சம் 78, ஐயத்துக்குரிய சோடி 62 என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து உச்சம் 30 விழுக்காடு உயரம். சோடி அதில் 14 ஏறியிருக்கிறது. எனவே திருத்திய ஒப்புமை 14ஐ 30ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.47. வெறும் 62 என்பதைவிட இந்த எண் பன்மடங்கு நேர்மையானது; நிலைத் தொகுப்பை மாற்றினாலும் ஓரளவு நிலைத்து நிற்கக்கூடியது.

வலிமையின் பாதிப்பையும் கவனிக்க வேண்டும். இரண்டு எஞ்சின்களும் வலுக்க வலுக்க, இரண்டும் சிறந்த நகர்த்தலை நோக்கி நெருங்குவதால் ஒற்றுமை தானாகவே கூடும். தரைமட்டத்தைக் கணக்கிடும் சோடிகள் ஏறத்தாழ அதே வலிமையுடையனவாக இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

இன்னொரு கண்ணி, பல சோடிகளை ஒரே நேரத்தில் பார்ப்பது. 40 எஞ்சின்கள் இருந்தால் சோடிகள் 780. நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான பிழை வரம்பை வைத்தால், உறவே இல்லாத கூட்டத்திலும் சுமார் 39 சோடிகள் ஐயத்துக்குரியனவாகத் தோன்றும். அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரவெல்லாம் கண்விழித்து எழுதிய ஒருவர் இருக்கிறார். வரம்பைக் கடுமையாக்குங்கள், முதல் தொகுப்பில் ஐயம் எழுந்த சோடியைப் புதிய நிலைத் தொகுப்பு ஒன்றில் மறுபடியும் சோதித்த பிறகே அடுத்த படிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஆறாம் படி: மதிப்பீடுகளின் எச்சத்தை ஒப்பிடுங்கள்

நகர்த்தல் ஒரு தேர்வு மட்டுமே. மதிப்பீடு ஓர் எண் என்பதால் அதில் தகவல் அதிகம். தேடல் இல்லாமல், வலை அந்த நிலைக்குத் தரும் மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யூசிஐ வழியாக வரும் மதிப்பு நகர்த்த வேண்டிய பக்கத்தின் நோக்கில் இருக்கும். சில எஞ்சின்களின் மதிப்பீட்டுக் கட்டளையோ வெள்ளையின் நோக்கில் தரும். குறியை ஒன்றாக்காமல் விட்டால் கணக்கு முழுவதும் பாழாகும்.

சென்டிபான் (சிப்பாய் மதிப்பின் நூறில் ஒரு பங்கு) எண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் +1.00 என்பது வெற்றி வாய்ப்பு 50% உள்ள நிலையைக் குறிக்கும்படி அளவு மாற்றப்பட்டது. வேறு எஞ்சினில் அதே எண்ணுக்குப் பொருள் வேறாக இருக்கும். ஒவ்வோர் எஞ்சினின் மதிப்புகளையும் தர வரிசையாக மாற்றிக்கொள்வதே எளிய வழி. அதன் பின்னரும் ஒரு சிக்கல் எஞ்சும்: ஒரு ராணி கூடுதலாக உள்ள நிலையை எல்லா எஞ்சினும் நல்லதென்றுதான் சொல்லும், எனவே எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவுக் கெழு மிக உயர்ந்தே வரும்.

சுவடிப் பாடம் இங்கேதான் கைகொடுக்கிறது. நீங்கள் ஒப்பிடும் இரண்டையும் தவிர்த்துக் கூட்டத்தின் மற்ற எஞ்சின்கள் அந்த நிலைக்குத் தந்த தர வரிசைகளின் சராசரியைக் கண்டுபிடியுங்கள். அதை ஒவ்வோர் எஞ்சினின் தர வரிசையிலிருந்தும் கழியுங்கள். மிஞ்சுவது, ஊரெல்லாம் சொல்வதிலிருந்து அந்த எஞ்சின் எவ்வளவு விலகுகிறது என்ற எச்சம். இரண்டு எஞ்சின்களின் எச்சங்களும் ஒன்றாக விலகுகின்றனவா என்று பாருங்கள். எல்லாரும் சமநிலை என்னும் மூடிய நிலை ஒன்றில் இவ்விரண்டு மட்டும் வெள்ளைக்குச் சாதகம் என்று சொல்வதும், அப்படிப் பல நூறு நிலைகளில் ஒரே திசையில் தவறுவதும், தற்செயலாக நிகழ்வதில்லை. கூட்டத்தில் பாதி எஞ்சின்கள் ஸ்டாக்ஃபிஷின் கிளைகளாக இருந்தால் சராசரியே ஸ்டாக்ஃபிஷின் குரலாகிவிடும் என்பதால், ஒரு மரபுக்கு ஓர் எஞ்சின் என்ற அளவில் மட்டும் சராசரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வலைகளை மாற்றிப் பொருத்துங்கள்

ஒற்றுமை வலையிலிருந்து வருகிறதா, தேடலிலிருந்து வருகிறதா என்பதை அறியச் சில நேரங்களில் ஒரு நேர்வழி உண்டு. ஸ்டாக்ஃபிஷ் வலைக் கோப்பின் பெயரை யூசிஐ விருப்பமாக ஏற்கிறது. வேறு சில எஞ்சின்களும் அவ்வாறே. இரண்டு எஞ்சின்களும் ஒரே அமைப்புள்ள வலையைப் படிக்குமானால், இரண்டு தேடல், இரண்டு வலை என நான்கு சேர்க்கைகளையும் ஓட்டுங்கள். வலையை மாற்றியவுடன் ஆட்டம் மாறி, தேடலை மாற்றியபோது அவ்வளவாக மாறாவிட்டால், ஒற்றுமையின் இருப்பிடம் வலை. ஒரே வலையைப் பொருத்தி, ஒவ்வோர் ஆழத்துக்கும் செலவான கணுக்களின் எண்ணிக்கையை எழுதிப் பார்த்தால் தேடலின் உறவு தெரியும். எண்ணிக்கை ஆழந்தோறும் அப்படியே ஒன்றாக வந்தால் தேடும் நிரல் ஒன்றே என்பதில் ஐயமில்லை. மூல நிரல் திறந்திருக்குமானால், அதைப் படிப்பதே இவை எல்லாவற்றையும்விடச் சுருக்கமான வழி.

எட்டாம் படி: வலைக்கோப்பைத் திறந்து பாருங்கள்

முதலில் கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற அடையாளம். ஸ்டாக்ஃபிஷ் வலைகளின் கோப்புப் பெயரே அவற்றின் எஸ்எச்ஏ-256 மதிப்பின் முதல் 12 எழுத்துகளைக் கொண்டதுதான். மதிப்பு ஒன்றானால் வேலை முடிந்தது. ஒன்றாகாவிட்டால் எதுவும் நிறுவப்படவில்லை. ஓர் எடையை மாற்றினாலே ஹாஷ் முழுவதும் மாறிவிடும்.

அடுத்து அமைப்பு. யூ நாசு 2018இல் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி ஆட்டத்துக்காக உருவாக்கி, 2020 ஆகஸ்டில் ஸ்டாக்ஃபிஷில் இணைக்கப்பட்ட என்என்யூஇ வகை வலையில், ராஜா நிற்கும் 64 கட்டங்கள், ராஜா அல்லாத 10 வகைக் காய்கள், அவை நிற்கும் 64 கட்டங்கள் எனப் பெருக்கினால் 40,960 உள்ளீடுகள். இந்த அமைப்பு இன்று பொதுச் சொத்து. அமைப்பு ஒத்திருப்பதை மரபுக்குச் சான்றாகக் கொள்வது, இரண்டு வீடுகளும் ஓட்டு வீடுகளாக இருப்பதால் கட்டியவர் ஒருவரே என்பதைப் போன்றது.

எடைகளை ஒப்பிடும்போது பலர் ஒரு பெரும் பிழையைச் செய்கிறார்கள். அதைக் கையளவு வலை ஒன்றில் காட்டுகிறேன். இரண்டு உள்ளீடுகளும் மூன்று மறைநியூரான்களும் (உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடைப்பட்ட கணக்கிடும் அலகுகள்) கொண்ட வலையில், நியூரான்களின் எடைகள் முறையே (2, −1), (0, 3), (1, 1). வெளியீட்டு எடைகள் 4, −2, 1. உள்ளீடாக 1, 2 கொடுத்தால் நியூரான்கள் 0, 6, 3 என விடை தரும். இறுதி மதிப்பு −9. இப்போது மூன்றாம் நியூரானை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, வரிசையை (1, 1), (2, −1), (0, 3) என்றும் வெளியீட்டு எடைகளை 1, 4, −2 என்றும் மாற்றுங்கள். விடை அதே −9. எந்த உள்ளீட்டுக்கும் அதே விடைதான். ஆனால் முதல் அடுக்கின் ஆறு எண்களையும் வரிசையாக வைத்து, இரு எண் வரிசைகள் ஒரே திசையில் உள்ளனவா என்று அளக்கும் கோசைன் ஒப்புமையைக் கணக்கிட்டால், பெருக்கற்கூடுதல் 1, நீளங்களின் பெருக்கம் 16. ஒப்புமை வெறும் 0.06. முழுமையாக ஒன்றேயான இரண்டு வலைகளை, இந்தக் கணக்கு உறவற்றவை என்கிறது.

இந்த மாற்றம் மறைப்பதற்காக மட்டும் செய்யப்படுவதன்று; கணிப்பு வேகத்துக்காக நியூரான்களை வேறு வரிசையில் அடுக்குவது ஸ்டாக்ஃபிஷ் வலைகளிலேயே நடந்திருக்கிறது. ஆகவே முதலில் இரண்டு வலைகளின் உள்ளீடுகளையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவாருங்கள். காய்களுக்கும் கட்டங்களுக்கும் எண்ணிடும் முறை எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். பிறகு முதல் வலையின் ஒவ்வொரு நியூரானுக்கும் இரண்டாம் வலையின் ஒவ்வொரு நியூரானுக்கும் இடையே ஒப்புமையைக் கணக்கிட்டு, ஒன்றுக்கொன்று என்ற முறையில் மொத்த ஒப்புமை மிக உயர்வாக அமையும் இணைப்பை ஹங்கேரிய முறையால் கண்டுபிடியுங்கள். ஆயிரம் நியூரான்களுக்கும் இது சாதாரணக் கணினியில் விரைவாக முடியும். ஒரு வலையை மேலும் சிறிது பயிற்றுவித்து உருவாக்கிய வலை, இந்த இணைப்புக்குப் பின் தன் தாயுடன் மிக உயர்ந்த ஒப்புமை காட்டும். தனித்தனியே பிறந்த வலைகள் இணைத்த பிறகும் தாழ்ந்தே நிற்கும். எவ்வளவு தாழ்வு என்பதை இரண்டாம் படியில் நீங்கள் பயிற்றுவித்த சோடி சொல்லும்.

அமைப்பே வேறான வலைகளுக்கு இந்த இணைப்பு பொருந்தாது. அவற்றுக்கு, ஒரே நிலைகளைக் கொடுத்து மறைஅடுக்குகளின் விடைகளைச் சேகரித்து, 2019இல் முன்வைக்கப்பட்ட சிகேஏ என்னும் அளவால் ஒப்பிடலாம். அது நியூரான் வரிசையைப் பொருட்படுத்தாது. ஆயினும் நல்ல சதுரங்க வலைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே கருத்துகளைக் கற்பதால், இதன் உயர்ந்த மதிப்பை மரபுச் சான்றாக நான் ஏற்பதில்லை.

எனக்கு மிகவும் நம்பிக்கையளிக்கும் சான்று வேறிடத்தில் இருக்கிறது. சிப்பாய் முதல் வரிசையிலும் எட்டாம் வரிசையிலும் ஒருபோதும் நிற்க முடியாது. ஆனால் மேற்சொன்ன 40,960 உள்ளீடுகளில் அவற்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது: 16 கட்டங்கள், இரு நிறங்கள், 64 ராஜா இடங்கள் எனப் பெருக்க 2,048 உள்ளீடுகள், முதல் அடுக்கில் 256 நியூரான்கள் இருந்தால் 5,24,288 எடைகள். எந்தப் பயிற்சி நிலையிலும் இந்த உள்ளீடுகள் உயிர்பெறுவதில்லை என்பதால், சாதாரணப் பயிற்சியில் அந்த எடைகள் தொடக்கத்தில் கிடைத்த சீரற்ற எண்களாகவே தங்கிவிடும். ஆட்டத்துக்கு அவற்றால் பயனில்லை, கேடுமில்லை; சுவடியின் ஓரத்தில் எழுத்தாணியைச் சோதிக்கக் கீறிய கீறல்களைப் போல அவை அப்படியே கிடக்கும். இரண்டு வலைகளில் அந்தக் கீறல்கள் ஒத்திருந்தால், இரண்டும் ஒரே தொடக்கத்திலிருந்து புறப்பட்டவை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியாது. முழுஎண்களாகச் சுருக்கும்போது இந்தச் சிறு எடைகள் பெரும்பாலும் 0, 1, −1 என்றாகிவிடலாம். அப்போதும் ஐந்து லட்சம் இடங்களின் வரிசை போதிய தகவலைத் தாங்கியிருக்கும். பயிற்சி நிரல் அவற்றைச் சுழியமாக்கிவிடுகிறதா, எடைச் சிதைவு என்ற முறையால் தேய்த்துவிடுகிறதா, பல உள்ளீடுகளுக்குப் பொதுவான எடையை அவற்றோடு கூட்டிவிடுகிறதா என்பதை முன்னதாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இந்தச் சான்று கிடைக்காது.

ஒன்பதாம் படி: தரவின் வழிவந்த ஒற்றுமையைத் தனியே எழுதுங்கள்

ஓர் எஞ்சினின் மதிப்பீடுகளை விடைகளாக வைத்து வேறொரு வலையைப் பயிற்றுவித்தால், மாணவ வலை ஆசிரிய வலையைப் போலவே மதிப்பிடும். ஆறாம் படியின் எச்சங்கள் ஒத்துவரும். எட்டாம் படியின் எடைகளும் கீறல்களும் ஒத்துவரா. இந்த முரண்பட்ட வடிவமே தரவுவழி உறவின் அடையாளம். இதை நகல் என்று அழைப்பது அநியாயம், முற்றிலும் சொந்தம் என்று அழைப்பதும் மிகை. லீலாவின் பயிற்சித் தரவு ஓடிபிஎல் என்னும் திறந்த தரவுத்தள உரிமத்தில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டிருக்கும் ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை. தரவையும் தானே விளைவித்த ஆசிரியருக்கு, வலிமையில் அவர் எஞ்சின் சற்றுக் குறைந்திருந்தாலும், தனித்தன்மையில் முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பத்தாம் படி: முடிவை எழுதுங்கள்

ஒற்றை மதிப்பெண் தராதீர்கள். வலை, பயிற்சித் தரவு, தேடல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பத்தியில், எதை அளந்தீர்கள், தரைமட்டமும் உச்சமட்டமும் எவை, மாதிரிப் பிழை எவ்வளவு, எந்தச் சோதனை இயலவில்லை என்று எழுதுங்கள். நிலைத் தொகுப்பு, எஞ்சின்களின் பதிப்பு எண்கள், வலைகளின் ஹாஷ் மதிப்புகள், ஓட்டிய நிரல், ஒவ்வொரு நிலைக்கும் வந்த மூல விடை ஆகிய அனைத்தையும் ஒரே தொகுப்பாகச் சேமியுங்கள். இன்னொருவர் தம் கணினியில் அதை ஓட்டி அதே எண்களைப் பெற வேண்டும்.

பொதுவில் சொல்வதற்கு முன் அந்தத் தொகுப்பை எஞ்சினின் ஆசிரியருக்கு அனுப்பி, அவர் விளக்கத்துக்குப் போதிய நாள்கள் காத்திருங்கள். எங்கள் வட்டத்தில் மாணவர் ஒருவரின் வலை, பிரபலமான வலை ஒன்றோடு எச்சத்தில் நெருங்கி ஒத்துவந்தபோது அப்படித்தான் செய்தோம். அவர் தம் பயிற்சிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து விரித்தார். தரவு எங்கிருந்து வந்தது, எந்த நாளில் எந்தத் தொகுப்பு சேர்க்கப்பட்டது என்று தேதிவாரியாக அதில் எழுதியிருந்தது. சிப்பாய்க் கீறல்களை அவர் கண்ணெதிரே ஒப்பிட்டோம், ஒத்துவரவில்லை. தரவுவழி ஒற்றுமை என்று பதிவுசெய்து, அந்தத் தரவின் மூலத்தை அவர் எஞ்சினின் விளக்கக் கோப்பில் சேர்க்கச் சொன்னோம், அன்றே சேர்த்துவிட்டார்.